பச்சோலி எண்ணெயில் தெரியும் குறைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழி

பச்சோலி துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. தாவரவியலில் பொகொஸ்டெமொன் கப்ளின் எனப்படும் இந்த இனம் பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட தென்கிழக்காசியத் தீவுகளுக்கு உரியது; இன்று உலகச் சந்தைக்கு வரும் பச்சோலி எண்ணெயின் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து, சிறப்பாகச் சுமாத்திராவிலும் சுலாவேசியிலும் இருந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளை அந்துப்பூச்சியிடமிருந்து காக்க அவற்றின் மடிப்புகளுக்குள் பச்சோலி இலையை வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்; அந்த மணம் இல்லாத சால்வையை அங்குள்ளவர்கள் அசலென்று ஏற்கத் தயங்கினார்கள். வாசனைத் தயாரிப்பில் இது கடைசிவரை தங்கும் அடித்தள மணம். ரோஜா, சந்தனம், வெட்டிவேர் ஆகியவற்றோடு சேர்ந்து அவற்றையும் பிடித்து வைக்கும்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தென்னைக்குக் கீழே ஊடுபயிராகப் பச்சோலி நட்டு, பின்வளவில் சிறு வடிகலன் வைத்து எண்ணெய் எடுக்க முயல்பவர்களுக்காகவும், அந்த எண்ணெயை வாங்கி அத்தர் கலப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். போத்தலில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை போத்தலில் பிறந்தவை அல்ல; இலை காய்ந்த இடத்திலோ, அடுப்பை அணைத்த நேரத்திலோ, வடிகலன் செய்யப்பட்ட உலோகத்திலோ அவை முன்பே புகுந்துவிடுகின்றன. ஆகவே, எண்ணெயில் எதையாவது சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட்டு, அறிகுறி எந்தப் படியைச் சுட்டுகிறது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

செடி வாடுகிறது

வாட்டம் ஒன்றாகத் தெரிந்தாலும் காரணங்கள் பல. நண்பகலில் தொய்ந்த செடி மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வேலை மட்டுமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மணல் நிலம் காலையில் ஊற்றிய நீரை மதியம்வரை வைத்திருப்பதில்லை. செடியைச் சுற்றிப் பொச்சும் சருகும் பரப்பி, மாட்டெருவைக் கூட்டி, ஒரு முறை ஊற்றும் நீரை இரு முறையாகப் பிரித்து ஊற்றினால் இது தீரும்.

மாலையிலும் நிமிராமல், இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் சரிந்துவிட்டால் பற்றீரியா வாடலைச் சந்தேகிக்க வேண்டும். இதை வீட்டிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அடித்தண்டில் விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டு முகம் நீரில் படும்படி அசையாமல் பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து வெண்ணிற இழை ஒன்று நேராகக் கீழிறங்கினால் நோய் அதுதான். அந்தச் செடிக்கு மருந்து தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வேரோடும் சுற்றுமண்ணோடும் அகற்றுங்கள். அதே நோய் கத்தரியையும் தக்காளியையும் கொச்சிக்காயையும் தாக்குவதால், அந்தப் பாத்தியில் அவற்றை நடுவதும், அவை வாடிச் செத்த பாத்தியில் பச்சோலியை நடுவதும் ஒரே அளவு தவறு.

திடீரென்று சாயாமல், கிழமைகள் கணக்கில் குன்றி, இலை மஞ்சளித்துச் சிறுத்துப் போனால் செடியொன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் தென்பட்டால் அது வட்டப்புழு. பச்சோலி தண்டுத் துண்டிலிருந்தே பெருக்கப்படுவதால், நோயுள்ள வளவிலிருந்து வேர்விட்ட நாற்று வாங்கினால் புழுவையும் சேர்த்து வாங்கியதாகவே முடியும். நல்ல தாய்ச்செடியின் நுனித்தண்டை மட்டும் வெட்டி, புதிய மண்ணில் நீங்களே வேர்விட வைப்பதே பாதுகாப்பானது.

இலை விளிம்பு மட்டும் கருகினால் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிணறுகள் சில, வரட்சிக் காலத்தின் இறுதியில் உவர்த்துவிடும். மாரியில் பிரச்சினை நேரெதிரானது. நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் பாத்தியை உயர்த்தியே போட வேண்டும்.

இலை செழித்திருக்கிறது, மணம் இல்லை

பச்சை இலையைக் கசக்கி முகர்ந்து ஏமாற வேண்டாம். பச்சோலியின் எண்ணெயில் ஒரு பங்கு இலையின் மேற்பரப்புச் சுரப்பிகளில் இருந்தாலும், மற்றது இலையின் உள்ளே இருக்கிறது. காயும்போது கலங்கள் தளர்ந்த பின்னரே மணம் முழுமையாக வெளிப்படும். ஐந்தாறு இலைகளை நிழலில் மூன்று நாள் காயவிட்டு அதன் பின்னர் தீர்மானியுங்கள்.

காய்ந்த பின்னும் மணம் மெலிந்திருந்தால் இனத்தைச் சோதியுங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இன்னோர் இனம், பொகொஸ்டெமொன் ஹெய்னியானஸ், பார்வைக்கு நெருங்கியது. ஆனால் அதன் எண்ணெயை வாசனைச் சந்தை கப்ளினுக்கு ஈடாக எடுப்பதில்லை. கப்ளினின் இலை தடித்து, தொட்டால் மென்மயிர் உணரப்படும். பூப்பது மிக அரிது. மற்றதன் இலை மெல்லியது, மயிர் குறைந்தது, பூப்பும் எளிதாக வரும். உங்கள் பச்சோலி கொத்துக்கொத்தாகப் பூத்து நின்றால், எண்ணெய்க்காகக் காத்திருக்கும் முன்னர் நாற்றுத் தந்தவரிடம் கேளுங்கள்.

இனம் சரியாக இருந்தும் மணம் குறைவென்றால் நிழல் கூடியிருக்கலாம், தழைச்சத்து உரம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், அல்லது அறுவடை முந்தியிருக்கலாம். நட்டு ஐந்து ஆறு மாதத்தில் முதல் வெட்டு, அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு வெட்டு என்பதே வழக்கம்.

காய்ந்த இலையில் புழுங்கல் வாடை

இந்தப் படியில்தான் எண்ணெயின் தரம் பெரும்பாலும் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து. வடிகலனுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியையாவது காயவிடும் கொட்டிலுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பூஞ்சணம் பிடித்த இலையின் வாடை நீராவியோடு ஏறி எண்ணெயில் அமர்ந்துவிடும். அதை எந்த வடிகட்டலும் எடுக்காது, எத்தனை மாதம் வைத்தாலும் ஆறாது.

வெட்டிய கொம்புகளைக் காலைப் பனி காய்ந்த பின்னரே கொட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். தரையிலோ சீமெந்திலோ விரிக்காமல், கம்பி வலையில் அல்லது மூங்கில் தட்டில், கீழிருந்தும் காற்றுப் புகும்படி விரல் நீள உயரத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். முதல் நாள் மூன்று நான்கு முறையும், அடுத்த நாட்களில் இரண்டு முறையும் புரட்டுங்கள். புரட்டும்போது கையைக் குவியலின் நடுவே விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே சூடு தெரிந்தால் படுக்கை தடித்துவிட்டது என்று பொருள், உடனே மெல்லியதாகப் பரப்ப வேண்டும். கச்சான் காலத்தில் மூன்று நான்கு நாளில் இலை காய்ந்துவிடும். நெருக்கினால் சரசரத்து நொறுங்காமல், தோல்போல் வளைந்து கொடுக்கும் நிலையிலும், காம்பு மட்டும் வளைத்தால் சட்டென்று முறியும் நிலையிலும் இருப்பது சரியான பதம். நேர் வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும். ஆனால் மேலிருக்கும் எண்ணெய் ஆவியாகிப் போவதோடு, நிழலில் மெல்ல வாடும்போது நடக்கும் பதமாற்றமும் நடக்காமல், வைக்கோல் மணமே மிஞ்சும்.

கார்த்திகை மார்கழியில் வெட்ட வேண்டாம் என்பதே என் அறிவுரை. வேறு வழியில்லாமல் வெட்ட நேர்ந்தால், கிடுகுக் கூரை மட்டும் போதாது. பக்கங்களை மறைத்து ஒரு மின்விசிறியை இரவும் ஓடவிட வேண்டும். காய்ந்த இலையைப் பிளாஸ்டிக் உரப்பையில் கட்டி வைப்பதையும் தவிர்த்து, சணல் சாக்கில் கட்டித் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

எண்ணெய் வருவதில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது

நல்ல காய்ந்த இலையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு எண்ணெய் கிடைக்கும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. அதன்படி 5 கிலோ காய்ந்த இலைக்கு 100 முதல் 150 கிராம் வரை வரவேண்டும். வளவு வடிகலனில் அதற்குக் குறைவாக வருவதே இயல்பு. மிகவும் குறைந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது நேரம். பச்சோலிக்குத் தன் மணத்தையும் கனத்தையும் தரும் பச்சோலொல் என்ற மதுசாரத்தின் கொதிநிலை 280 பாகை செல்சியசுக்கு மேல். ஆகையால் அது நீராவியோடு மெதுவாகவும் பிந்தியுமே வருகிறது. சேரைப் புல்லை (எலுமிச்சம்புல்) காய்ச்சிப் பழகியவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் எண்ணெய் குறைவதைக் கண்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். பச்சோலிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், பெரும்பாலும் எட்டு மணி நேரம்வரை நீராவி ஓட வேண்டும். முன்கூட்டியே நிறுத்திய எண்ணெய் அளவில் குறைந்திருப்பதோடு, தண்ணீர்ப் பதமாக மெலிந்தும், முகர்ந்த சிறிது நேரத்தில் மங்கியும் போகும். கடைசி இரண்டு மணி நேரத்தில் சொட்டும் கனத்த எண்ணெய்க்காகவே வாசனை செய்பவர்கள் பச்சோலியை வாங்குகிறார்கள்.

இரண்டாவது நீராவி போகும் வழி. இலையை ஒரு பக்கம் இறுக்கியும் மறுபக்கம் தளர்த்தியும் அடைத்தால், நீராவி தளர்ந்த வழியாகவே மேலேறி, இறுகிய பகுதியைத் தொடாமல் விட்டுவிடும். காய்ச்சி முடித்தபின் இலையைக் கொட்டிப் பாருங்கள். நடுவில் உலர்ந்த, இன்னும் மணக்கும் கட்டி இருந்தால் இதுவே காரணம்.

மூன்றாவது பிரிப்பு. பச்சோலி எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.95 முதல் 0.975 வரை, அதாவது நீருக்கு மிக நெருக்கம். எனவே அது மேலே மிதக்க நேரம் எடுக்கும். வடிநீரை உடனே கொட்டிவிட்டால் எண்ணெயையும் கொட்டியதாகும். நீராவியை ஆறவைத்து நீராக்கும் ஒடுக்கியைப் பனிக்கட்டியால் குளிரவைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் எண்ணெய் தடித்துக் குழாயின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வடிநீர் இளஞ்சூடாக வருவதே நல்லது. பிரிகலனில் உப்பைக் கரைத்தால் நீரின் அடர்த்தி கூடி எண்ணெய் தெளிவாக மேலெழும். ஓர் இரவு அசையாமல் வைத்தால் இன்னும் நன்று.

எண்ணெய் கரும்பழுப்பாக இருக்கிறது

காரணம் இரும்பு. எரிபொருள் பரலை வெட்டி வடிகலன் செய்தால், எண்ணெயிலுள்ள பொருட்கள் இரும்போடு சேர்ந்து கரும்பழுப்பு நிறம் தரும். இந்தோனேசியாவின் கிராமத்து எண்ணெய் நெடுங்காலமாகக் கருமையாக வந்ததற்கும், எவர்சில்வர் கலனில் எடுத்தது வெளிர்மஞ்சளாக வருவதற்கும் இதுவே வேறுபாடு. நிறம் மட்டும் கெட்டு மணம் நன்றாக இருந்தால் எண்ணெயைக் கழித்துவிட வேண்டியதில்லை. கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிற்றிக் அமிலத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, அதே அளவு எண்ணெயோடு கண்ணாடிப் போத்தலில் சில நிமிடம் குலுக்கி, ஓர் இரவு வையுங்கள். அமிலம் இரும்பைப் பற்றித் தன்னோடு நீருக்குள் இழுத்துக்கொள்ளும். கீழே நிற்கும் நீர் நிறமேறியிருப்பதைக் கண்ணால் காணலாம். நீரை எடுத்துவிட்டு, இன்னொரு முறை அதையே செய்து, பின்னர் கொதித்தாறிய உப்பு நீரால் இரண்டு முறை கழுவி அமிலத்தை முற்றாக நீக்குங்கள். நிறம் எவர்சில்வர்க் கலனில் எடுத்த அளவுக்கு வெளிறாது, ஆனால் விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு வரும். அடுத்த பருவத்துக்குள் கலனை மாற்றிவிடுவதுதான் உண்மையான தீர்வு.

எண்ணெய் கலங்கியிருக்கிறது

போத்தலை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்துங்கள். கலங்கல் மறைந்து, ஆறியபின் பளிச்சிடும் துகள்களாகத் திரும்பி வந்தால் அவை பச்சோலொல் படிகங்கள். எண்ணெய் செறிவானது என்பதற்கு அவையே சாட்சி. எங்கள் வெப்பத்தில் இது பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த போத்தலில்தான் தெரியும். கலங்கல் மறையாமல் அடியில் துளிகளாகத் திரண்டால் அது நீர். மேலிருப்பதை மெதுவாக வேறு போத்தலுக்கு மாற்றினால் போதும்.

மணம் கடுமையாக இருக்கிறது

புதிதாக வடித்த பச்சோலி எண்ணெய் பச்சை வாடையும் ஓரளவு கற்பூரக் கூர்மையும் கொண்டிருப்பது குறையல்ல. பெரும்பாலான நறுமண எண்ணெய்கள் வைக்க வைக்கக் கெட, பச்சோலி வைக்க வைக்க உருண்டு இனிமை பெறும். கடுங்கபில நிறக் கண்ணாடிப் போத்தலில், அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழல்லாமல் வீட்டின் குளிர்ந்த மூலையில், சில மாதங்கள் வையுங்கள்; ரப்பர் மூடியுள்ள துளிக்குழாயைப் போத்தலோடு விட்டுவைத்தால் ரப்பர் உப்பி எண்ணெயைக் கெடுக்கும்.

கருகல் வாடை வேறு. இலை கலனின் அடித்தட்டைத் தொட்டிருக்கும், அல்லது அடியில் நீர் வற்றியிருக்கும். தட்டுக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, நீர்மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். மெல்லிய கருகல் மாதக்கணக்கில் குறையலாம், அழுத்தமானது போகாது. புழுங்கல் வாடையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

வாங்கிய எண்ணெய் அசலா என்ற ஐயம்

எண்ணெய் ஒரு பங்குக்கு 90 சதவீத எதைல் மதுசாரம் பத்துப் பங்கு சேர்த்தால் நல்ல பச்சோலி கரைந்துவிடும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பால்போல் கலங்கும் அல்லது அடியில் துளியாகத் தங்கும். மதுசாரம் இல்லாதவர்கள் வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு, பக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு துளியும் விட்டு, நாட்கணக்கில் ஒப்பிடுங்கள். பச்சோலி நிறக்கறை விட்டாலும் அதன் எண்ணெய்ப் பளபளப்பு படிப்படியாகக் குறையும்; சமையல் எண்ணெயின் பளபளப்பு அப்படியே நிற்கும். கேதுரு, குர்ஜன் போன்ற மர எண்ணெய்களால் செய்யும் கலப்படத்தை இந்தச் சோதனைகள் காட்டா. அதற்கு ஆய்வுகூடத்து வாயு நிறப்பகுப்புத்தான் வழி.

அத்தரில் பச்சோலி மட்டுமே மணக்கிறது

அளவு கூடிவிட்டது. ரோஜாவோ மல்லிகையோ முன்னிற்கும் கலவையில் பச்சோலியை நூற்றுக்கு 1 பங்கிலிருந்து தொடங்கி, ஒரு கிழமை விட்டு முகர்ந்து, பிறகே கூட்டுங்கள். கலந்தவுடன் முகர்ந்தால் மேல்மணங்கள் அதை மறைத்துக் குறைவென்று நினைக்கச் செய்யும். பச்சோலியே முன்னிற்க வேண்டுமென்று செய்யும் வாசனை வேறு வகை. 1992இல் வெளிவந்த ஏஞ்சல் என்ற பிரெஞ்சு வாசனை, மிகுந்த பச்சோலியை மிட்டாய் இனிப்புக்கு எதிராக நிறுத்தி ஒரு புதிய வழியையே திறந்தது.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் மதுசாரம் சேராத அத்தரையே பலர் கேட்கிறார்கள். பச்சோலி சந்தன எண்ணெயில் மிக நன்றாக இணையும். ஆனால் அதன் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. சாதாரண தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், குளிரூட்டிய கடையில் வைத்த அத்தர் வெண்கட்டியாகிவிட்டது என்ற முறைப்பாடு வந்தால் வியப்படைய வேண்டாம். உறையாத பகுதியை மட்டும் பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

மதுசாரத்தில் கலக்க விரும்புவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எதைல் மதுசாரம் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். முறைப்படியே பெற வேண்டும். அதற்குப் பதிலாக வார்னிஷ் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட்டை ஒருபோதும் எடுக்காதீர்கள். அதில் மெதனோல் இருக்கலாம். மெதனோல் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் நஞ்சு. கலவையில் நீர் ஊற்றியதும் கலங்கினால் மதுசாரத்தின் செறிவு குறைந்துவிட்டது என்று பொருள். நீரைக் குறைத்துக் கலக்குங்கள்.

வெள்ளை உடையில் மஞ்சள் கறை

வெள்ளிக்கிழமை வெள்ளை ஜுப்பாவில் அத்தர் தடவுபவர்களிடமிருந்து வரும் முறைப்பாடு இது. கரும்பழுப்பு எண்ணெயில் செய்த அத்தரை உடையில் தடவ விற்க வேண்டாம். சிற்றிக் அமிலத்தால் தெளிவித்ததையோ எவர்சில்வர்க் கலனில் வடித்ததையோ மட்டும் பயன்படுத்தி, விற்கும் முன்னர் வெள்ளைத் துணித் துண்டில் ஒரு துளி விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தோலில் தடவுவோருக்கு, முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு நாள் பொறுத்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் மேலும் பயன்படுத்தச் சொல்லுங்கள். தூய எண்ணெயை நேரடியாகப் பூசக் கொடுக்க வேண்டாம். போத்தலின் சிட்டையில் வெட்டிய மாதம், காயவிட்ட நாட்கள், காய்ச்சிய மணித்தியாலம், கலனின் உலோகம் ஆகிய நான்கையும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறைப்பாடு வரும்போது எந்தப் படியிலிருந்து தேடத் தொடங்குவது என்பது சிட்டையிலேயே இருக்கும்.